வரம்புக்குள் அலை

2023 ஆகஸ்ட் 16, புதன்கிழமை காலை, மலேசியாவின் கோலசிலாங்கூர் படகுத்துறையை ஒட்டிய ஆற்றோரத்தில் அலைகளை அளக்க இரண்டு கம்புகள் நடப்பட்டன.

நட்டவன் ரவாங்கிலிருந்து வந்த அரசாங்க அளவைக்காரன் புனிதன். கால்சட்டையில் ஒரு பொட்டுச் சேறு படாமல் இவன் எப்படி ஆற்றை அளக்கப்போகிறான் என்று பார்த்தபடியே சந்திரிகா சட்டியில் மீஹூன் சேமியாவைக் கிளறினாள். சுற்றுலாப் படகுகள் கிளப்பும் அலை கரையைத் தின்று, அவள் சாப்பாட்டுக் கடையின் பின்தூண்களுக்கு அடியில் மண்ணே இல்லாமல் ஆக்கியிருந்தது. மனுமேல் மனு போட்டு வாங்கிய அளவை இது. அலை வரம்பு மீறினால் கரையோரம் கற்சுவர் கட்டுவார்கள். மீறாவிட்டால், இடம் ஆபத்தானது என்று கடையைப் பிரிக்கச் சொல்வார்கள்.

அளப்பது பெரிய வித்தையில்லை. ஒரு நிமிடத்தில் எத்தனை அலைமுகடுகள் முதல் கம்பைத் தாண்டுகின்றன, ஒரு முகடு அடுத்த கம்புக்கு வந்துசேர எவ்வளவு நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். வித்தை படகுக்காரர்களிடம் இருந்தது. அளக்கும் நாளை அவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள், மரியாதைக்காக. கடைக் கோப்பைகள் குலுங்கப் பறக்கிற, முதலாளி பாலகிருஷ்ணனின் படகுகள் அன்று தேர் மாதிரி அசைந்து வந்தன. ஓட்டுகிறவர்கள் மிதவைச் சட்டையின் எல்லா வார்களையும் மாட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எண்ணெய் தடவி உட்காரவைத்த பிள்ளைகள்.

மூன்றாவது படகை ஓட்டி வந்தவன் அவள் புருஷன் தங்கராஜு.

படகைத் துறையில் கட்டிக்கொண்டிருந்த தங்கராஜுவிடம் புனிதன் கேட்டான். "அண்ணே, டெய்லி இதே ஸ்பீட்தானா?"

"இதேதான் பாஸ். வேகமா போனா பாலா மொதலாளி சும்மா வுடுவாரா?"

சந்திரிகா கரண்டியோடு வெளியே வந்தாள். "டெய்லி இப்படித்தான் போறாருன்னா, காலையில ஏத்துன ஆளுங்க ராத்திரி சோத்துக்குத்தான் திரும்பணும். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க தம்பி."

தங்கராஜு கயிற்றின் முடிச்சையே பார்த்தான். "உள்ள போ லா. கடை போனா படகு இருக்கு. படகும் போனா?"

"யாரு படகு? ஒங்கப்பா வாங்கி வுட்டுட்டுப் போனதா?"

புனிதன் சிரித்தான். "அக்கா, நான் அலைய அளக்கத்தான் வந்தேன். ஆள இல்ல."

"அப்ப நாளைக்கு வாங்க. சொல்லாம வாங்க."

"நாளைக்கு வேற எடத்துல வேலைக்கா. மீஹூன் ஒண்ணு கட்டிக் குடுங்க."

கட்டிக் கொடுத்தாள். புருஷனுக்குத் தட்டு வைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்கிற ஆளாக இருந்திருந்தால் இந்நேரம் வேறு பதில் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்டோபரில் அறிக்கை வந்தது. அலைகள் வரம்புக்குள் இருந்தன. கடையைப் பிரித்த அன்று பாலகிருஷ்ணன் ஒரு லோரி அனுப்பிவைத்தார். சந்திரிகா முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தங்கராஜு பின்னால், பலகைகளைப் பிடித்துக்கொண்டு, வீடு இருக்கும் புக்கிட் ரோத்தான் வரை நின்றுகொண்டே வந்தான்.