நாற்பது பெட்டி, ஒரு சாம்பிள்

தீபாவளி போனஸ் அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, தன் பனியன் கம்பெனி ஸ்டாஃப் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு வீடியோ கேம் பெட்டி தருவதாக வெள்ளையன் முன்பே அறிவித்துவிட்டார். 2006இல் எக்ஸ்போர்ட் நன்றாக ஓடியது. எவர்சில்வர் தூக்குப்போசி பரிசு கொடுத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. ஆர்டரைப் பிடித்தவள் கீதாஞ்சலி. பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுக் கேம் கடை போட்ட முதல் வருஷமே இப்படி ஓர் ஆர்டர் வந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இது கைகூடினால் கடை நிற்கும். இல்லாவிட்டால் தை மாதம் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

போனஸ் அன்று மத்தியானம் பெட்டிகள் கம்பெனியின் செக்கிங் டேபிளில் இறங்கின. அங்கே ஊசி வாங்கினாலும் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த, தரம் பார்க்கும் கியூசி பாண்டித்துரை, பனியனை உதறிப் பார்க்கிற அதே முகத்தோடு நடுவிலிருந்து ஐந்து பெட்டிகளை உருவினான். டி.வி.யில் இணைத்து, பரிசோடு சேர்த்துக் கொடுக்க வெள்ளையன் வாங்கி வைத்திருந்த திருட்டுக் காப்பி டிஸ்க்கைப் போட்டான். திரை கறுப்பாகவே நின்றது. அடுத்ததும் அப்படியே. பழுதான பீஸில் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கர் ஐந்திலும் ஏறியது.

"ஒண்ணுகூட ஓட மாட்டேங்குதே தாயி. நீங்க குடுத்த சாம்பிள்ல இதே டிஸ்க்கு ஓடுச்சுல்ல?"

கீதாஞ்சலி கடையில் ரிப்பேர் பார்க்கும் தம்பி இளங்கோவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அக்காவை ஓரமாக இழுத்துப் போனான்.

"சாம்பிளைப் பிரிச்சு, காப்பி டிஸ்க்கும் ஓடற மாதிரி உள்ள ஒரு சிப்பு வெச்சுட்டனுங்க்கா. அத்தன வெலை குடுத்து ஒரிஜினல் டிஸ்க்கு இந்த ஊர்ல எவன் வாங்கறான்? மொதலாளி பேரன் வெளையாடிப் பார்த்தாத்தான ஆர்டர் கெடைக்கும்?"

பளாரென்று ஓர் அறை விடலாமா என்றிருந்தது. சாம்பிளை மட்டும் ஜோடித்து அனுப்புவது இந்த ஊரைப் பிடித்த வியாதி. வெளிநாட்டுப் பையருக்குப் போகிற ஒரு பீஸை நல்ல டெய்லரிடம் கொடுத்துத் தைப்பார்கள், அப்புறம் சரக்கு திரும்பி வந்தால் பையரைத் திட்டுவார்கள். அதற்காக எத்தனை பேரிடம் தொண்டை கிழியச் சண்டை போட்டவள் அவள்!

"நாப்பதுலயும் வெச்சுரலாங்க்கா. ராத்திரி உக்காந்தா முடிஞ்சுரும்."

ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் திருகாணி மேல், அதைத் தயாரித்த கம்பெனியின் சீல் ஒட்டியிருந்தது. அது கிழிந்தால் வாரண்டி போச்சு. கோயமுத்தூர் ஏஜென்சி கொடுத்த டீலர்ஷிப்பும் போச்சு.

வெள்ளையன் வந்தார். அவள் எதையும் மறைக்கவில்லை.

"அண்ணா, இந்த நாப்பதும் அசலுங்க. சாம்பிள்தானுங்க தப்பு. ஒரிஜினல் டிஸ்க்கு போட்டா ஓடுமுங்க."

"அம்மிணி, நீயே இந்தத் தொழில்ல இருந்தவ. சாம்பிள் எப்படியோ அப்படித்தான சரக்கு வரோணும்? ஃபங்ஷனை நாளைக்குத் தள்ளி வெச்சுக்கறேன். அதே மாதிரி பண்ணிக் குடு. இல்லீன்னா எடுத்துட்டுப் போயிரு."

நியாயம் அவர் பக்கம் இருந்ததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இளங்கோ அதற்குள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டான்.

"சரின்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா."

கீதாஞ்சலியின் கட்டைவிரல் ஒரு பெட்டியின் சீல் மேல் இருந்தது. நகத்தால் கீறினாலே வந்துவிடும். கடை வேண்டும், ஆர்டர் வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. விரலை எடுத்தாள்.

"முடியாதுங்கண்ணா. பிரிச்சுக் குடுத்துட்டு, நாளைக்கு ரிப்பேருன்னு வர்ற உங்க ஆளுகளுக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

வெள்ளையன் ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார்.

பெட்டிகளைத் திரும்பவும் வண்டியில் ஏற்றிக் கடைக்கு வந்து சேர நேரமாகிவிட்டது. எதிர்க்கடை வேலுமணியின் வாசலில் வெள்ளையன் கம்பெனி வேன் நின்றது. ஒரு மாதம்கூடத் தாங்காத டூப்ளிகேட் டி.வி. கேம் பெட்டிகளைப் பாண்டித்துரை அதில் அடுக்கிக்கொண்டிருந்தான். கீதாஞ்சலிக்குப் பொறுக்கவில்லை. ரோட்டில் இறங்கி வேன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, இதுக்குச் சாம்பிள் பார்த்தீங்களா?"

"இல்ல தாயி." அவன் நிமிரவில்லை. "டி.வி.யில ஏதாச்சும் ஓடுனாப் போதும்னுட்டாரு மொதலாளி. அஞ்சு மணிக்கே ஃபங்ஷனு, நேரமாச்சுல்ல."

ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதாள். டிரைவர் ஹார்னை அழுத்தினான். அவள்தான் ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது.