தலை மட்டும் புதிது

டிலக்ஷி தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. அதுவரை பிள்ளைக்கு அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்று தாய் றீற்றா தன் தங்கை தர்சிகாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வெள்ளைச் சட்டையோடு பிள்ளை கோயிலில் அழுதுகொண்டு நிற்கக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

கப்பல் வேலைக்குப் போன அப்பா ஜெயந்தனிடமிருந்து மூன்று மாதமாக ஓர் அழைப்பும் இல்லை. நன்மைக்கு அப்பா ஏதாவது அனுப்பியதுபோல் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு தர்சிகாவிடம் வந்தது. டவுனில் நஸ்ரியின் கடையில் உருமாறும் பொம்மை ஒன்று வாங்கினாள். விரித்தால் ரோபோ, மடக்கினால் துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கிற படகு. சிவப்பு நிறம், புதுப் பெயர். டிலக்ஷியிடம் ஏற்கெனவே இருந்த பொம்மை நீலம் என்பதை நினைவு வைத்துத்தான் வாங்கினாள். விலைச் சீட்டை ஈரத் துணியால் தேய்த்து எடுத்து, பழுப்புத் தாளில் சுற்றினாள்.

அப்பா அனுப்பியது என்று கொடுத்ததும், டிலக்ஷி அதை இரண்டு தரம் மடக்கி விரித்தாள். பிறகு அலுமாரியிலிருந்து நீலத்தை எடுத்து வந்து இரண்டையும் சேர்த்து மடக்கினாள். தோள்கள் ஒரே இடத்தில் சுழன்றன. கால் பூட்டுகிற ‘டிக்’ சத்தமும் ஒன்றுதான்.

“சித்தி, இது அப்பா அனுப்பினதில்லை.”

“ஏன் பிள்ளை?”

“இது பழசுதான். நீலத்தைச் செய்த கொம்பனி அதை நிப்பாட்டிப் போட்டுது. இன்னொரு கொம்பனி அந்த அச்சை வாங்கி, தலையை மட்டும் மாத்தி, வேற பேரில விக்குது. அப்பாதான் சொல்லித் தந்தவர். தலை மாத்தினதை நாங்கள் வாங்கிறேல்லை. அது எங்கட சட்டம்.”

“மறந்திருப்பார்.”

“அவரோ? கடையில நிண்டு பொம்மையில இருக்கிற ஆணியை எண்ணுறவர்.” டிலக்ஷி சிரித்தாள். “சயன்ஸ் படிச்சனீங்கள், இது விளங்கேல்லையே?”

தர்சிகாவுக்குக் காது சூடேறியது. குசினியில் றீற்றாவின் அகப்பைச் சத்தம் நின்றது.

“அப்ப கப்பலில இருந்து பார்சல் வரேல்லை.” இப்போது பிள்ளை சிரிக்கவில்லை. “கப்பல் கடலுக்குள்ள தாண்டு போச்சுதோ சித்தி? அப்பா செத்துப் போனாரோ?”

குசினி வாசலில் றீற்றா வேண்டாம் என்று தலையை அசைத்தாள். டிலக்ஷி சிவப்புப் படகைத் திரும்பவும் பழுப்புத் தாளில் சுற்றத் தொடங்கினாள். தர்சிகா அதைத்தான் பார்த்தாள்.

“இல்லை பிள்ளை. அப்பா சுகமா இருக்கிறார். அவர் கப்பலில இல்லை. கொழும்பில, வேற ஒரு அன்ரியோட இருக்கிறார். இனி இங்க வரமாட்டார்.”