நாவல்பழ பியருக்கு ஒரு சிவப்புச் சீட்டு

1

இந்தக் கதை பிறந்த இடம் என் மூளை இல்லை. அண்ணாதுரையின் வெள்ளைச் சட்டை. மார்புப் பக்கம் ஊதா நிறத்தில் ஒரு கறை. அச்சு அசலாகக் கர்நாடக மாநில வரைபடம். உற்றுப் பார்த்தால் மைசூர்கூடத் தெரியும். எந்த சோப்புக்கும் அசையவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறையை உண்டாக்கியவன் நான். ஆகவே கதை எழுதும் உரிமையும் எனக்கே என்று முடிவுசெய்து, ஒரு மரியாதைக்கு அவனிடம் அனுமதி கேட்டேன்.

"எழுதிக்கய்யா. ஆனா ஒவ்வொரு வரியும் எங்கிட்ட வந்துட்டுத்தான் வெளிய போவணும்," என்றான்.

இதன் பயங்கரம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் அவனைத் தெரிந்திருக்க வேண்டும். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் அண்ணாதுரை தரப் பரிசோதகர். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அழகர்சாமியாகிய நான் அதே கம்பெனியில் ஃபோர்மேன். நான் செய்வேன், அவன் தள்ளுவான். எங்கள் நட்பு மொத்தமும் இதுதான். ஒவ்வொரு ஷிப்டிலும் மெஷினிலிருந்து விழும் முதல் பீஸை அவன் பார்த்து அனுமதித்தால்தான் மற்றவை ஓடும். 'ஃபர்ஸ்ட் பீஸ் அப்ரூவல்' என்போம். அவன் முதல் தடவையிலேயே அனுமதித்ததை ஓசூரில் எந்த உயிரினமும் பார்த்ததில்லை. தள்ளுபடி என்றால் சிவப்புச் சீட்டு. ஆயுதபூஜைக்கு வந்த பூசணிக்காய்க்கே ஒரு வருஷம் சிவப்புச் சீட்டு கட்டினான்.

[தவறு. பூசணிக்காய் அடிபட்டிருக்கிறது என்று வாயால்தான் சொன்னேன். — அ.து.]

பார்த்தீர்களா, ஆரம்பித்துவிட்டான். இனிமேல் சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவனுடைய சிவப்பு மை. அதை நான் அழிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். இருவரும் ஓய்வுபெற்றுவிட்டோம், அந்தச் செய்தி அவன் பேனாவுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

2

முதல் தொடக்கம்:

கொட்டும் மழையில் ஜூஜூவாடி எல்லையைக் கடந்தபோது அண்ணாதுரையின் கண்களில்—

[மழை இல்லை.]

இரண்டாவது தொடக்கம்:

சானமாவுக் காட்டிலிருந்து ஒற்றை யானை ஒன்று, நாவல்பழக் கூடைகள் ஏற்றிய வண்டியின் வாசனையைப் பிடித்துக்கொண்டு, நெடுஞ்சாலையில்—

[யானை வரவில்லை.]

ஒரு குட்டியாவது?

[வரவில்லை.]

சரி, சாணி?

[அழகர், கதைக்கு வா.]

வருகிறேன். மூன்றாவது தொடக்கம், பிசிறு தட்டிச் சுத்தம் செய்தது: அண்ணாதுரையின் மகள் ரஞ்சிதா நாவல்பழத்தில் ஒரு பியர் செய்தாள். அது தேறுமா தேறாதா என்று அப்பாவைச் சொல்லச் சொன்னாள்.

கதை இவ்வளவுதான். ஆனால் உள்ளே இரண்டு வெடி இருக்கிறது. ஒன்று, அண்ணாதுரை வாழ்நாளில் பியரைத் தொட்டதில்லை. இரண்டு, ரஞ்சிதா கோயம்புத்தூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளி தாண்டி, அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருகிற ஒரு பியர் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யார் விசாரித்தாலும் அவன் சொல்கிற பதில் ஒன்றே: "பாப்பா ஜூஸ் கம்பெனில இருக்குதுங்."

பொய்யை வாசனையிலேயே கண்டுபிடிப்பவன் தானே ஒரு பொய்யை வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தான்.

[பழரசமும் இருக்கிறது. முழுப் பொய் அல்ல.]

3

ரஞ்சிதா வீட்டுக்கு வந்து கேட்ட அன்று நானும் இருந்தேன். அந்த வீட்டில் டீ நேரத்தில் நான் இல்லாமல் இருந்ததில்லை.

"அப்பா, மொத டேங்க் ரெடி. ஞாயித்துக்கெழம எங்க மேடம் குடிச்சிப் பாக்கறாங்க. புடிக்கலன்னா மொத்தத்தையும் சாக்கடைல தெறந்து உட்ருவாங்க. அப்பறம் ஊரே பண்ற மாம்பழ பியரத்தான் நானும் பண்ணணும்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சூப்பர் சூப்பர்ங்கறாங்க. வெந்நீரக் குடுத்தாலும் அதான் சொல்வாங்க. நீங்க வந்து ஃபர்ஸ்ட் பீஸ் பாருங்கப்பா."

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். "அவன் கெடக்கான், நான் வரேன் தாயி. நான் குடிச்சுச் சொல்றேன்."

"நீங்களும் வாங்க மாமா. ஆனா நீங்க சொன்னா செல்லாது. போன வாரம் எங்க வீட்டுத் தண்ணிய குடிச்சிட்டே 'தேவாமிர்தம்'னீங்க."

"அது ஒகேனக்கல் தண்ணிம்மா!"

சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அண்ணாதுரை டீயைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், பெட்டி போட்ட வெள்ளைச் சட்டையுடன் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் நிற்கிறான். பாக்கெட்டில் ஸ்டீல் ஸ்கேல், பூதக்கண்ணாடி, கம்பெனியில் மிச்சமான சிவப்புச் சீட்டு.

இந்த இடத்தில் எனக்கே என் கதாபாத்திரம் மேல் சந்தேகம் வந்தது. பியரைத் தொடாதவன் ஏன் கிளம்பினான்? நல்ல எழுத்தாளனாக இருந்தால் இங்கே மகள் பாசம் பற்றி அரைப் பக்கம் எழுதுவான். எழுதினேன்.

[அரைப் பக்கமும் நீக்கம். ஃபர்ஸ்ட் பீஸ் பார்க்கக் கூப்பிட்டார்கள்; போனேன்.]

4

விடுதியின் முதலாளி பெயர் கெம்பம்மா. ராகி விளைந்த நிலத்தில் பாதி அடுக்குமாடி ஆகிவிட, மீதிப் பாதியில் இதைக் கட்டியவர். பட்டுப்புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. அவருக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். அதற்கும் பின்னால் கோயில் கோபுரம் உயரத்துக்குப் பளபளவென்று பியர்த் தொட்டிகள்.

[ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல்.]

"யாரம்மா இவரு?" என்றார்.

"எங்கப்பா மேடம். குவாலிட்டில இருந்தாரு."

"ஓ, கூத்கொள்ளி, உக்காருங்க சார். இவரு?"

"மாமா. அவரு... சும்மா வந்தாரு."

சும்மா வந்தாராம்! போகட்டும். கிளாஸ்கள் வந்தன. ஐயா, அந்த நிறத்தை எப்படிச் சொல்வேன்! சாயங்காலம் கிருஷ்ணகிரி மலைப்பாறைக்குப் பின்னால் வானம் கறுக்கும் முன்பு ஒரு நிமிஷம் ஊதாவாகுமே, அதைப் பிழிந்து ஊற்றியதுபோல. மேலே ரோஜா நிறத்தில் ஒரு விரல்கடை நுரை. நான் காத்திருக்கவில்லை. ஒரே மடக்கு. முதலில் ஒரு புளிப்பு நாக்கில் குதித்தது. பின்னாலேயே துவர்ப்பு வந்து இரண்டு கன்னத்தையும் உள்பக்கமாக இழுத்துக் கட்டியது. கடைசியில் பழத்தின் வாசனை மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையில் மணி அடித்தது. வழுக்கையில் முடி முளைத்தது.

[முளைக்கவில்லை.]

"சூப்பர்!" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லோரும் அண்ணாதுரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தான். பூதக்கண்ணாடியால் நுரையைப் பார்த்தான். ஸ்கேலை வைத்து உயரம் அளந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"மாஸ்டர் பீஸ் எங்க?"

"என்னாது?" என்றார் கெம்பம்மா.

"இது சரின்னு சொல்றதுக்கு, சரியான பீஸ் ஒண்ணு பக்கத்துல இருக்கணுமில்லீங். எத வெச்சி ஒப்பிட்டுப் பாக்கறது? நான் இந்த ஐட்டம் குடிச்சதே இல்ல."

ரஞ்சிதா எழுந்து உள்ளே போனாள். ஒரு தட்டோடு வந்தாள். கருகருவென்று நாவல்பழம், தட்டின் ஓரத்தில், நம் பக்கம் எப்போதும் வைக்கிறபடி, கொஞ்சம் உப்பு.

"இதாம்ப்பா மாஸ்டர்."

அண்ணாதுரை ஒரு பழத்தை எடுத்து, உப்பில் தொட்டு, மென்று, கொட்டையை ஓரமாக வைத்தான். பிறகு கிளாஸை எடுத்து, தன் வாழ்நாளின் முதல் மடக்கைக் குடித்தான். அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் லாரிகள் அப்படியே நின்றுவிட்டன.

[அங்கே லாரிகள் எப்போதும் நின்றுகொண்டுதான் இருக்கும்.]

அவன் கை பாக்கெட்டுக்குப் போனது. சிவப்புச் சீட்டு வெளியே வந்தது. ரஞ்சிதா மேசையைப் பார்த்தாள்.

"ஒத்து வரல," என்றான்.

"எதுப்பா ஒத்து வரல?"

"தொவர்ப்பு."

"நாவப்பழம்னா தொவர்க்கத்தாம்ப்பா செய்யும்!"

"பழம் தொவர்த்தா உப்புத் தொட்டுக்கறம். இதுல உப்பு எங்க?"

ரஞ்சிதா மெதுவாகக் கெம்பம்மா பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா மேடம்? நான் மொத நாளே சொன்னன்ல?"

"பியருக்கு உப்பா? இதேனு மஜ்ஜிகேனா?" என்றார் கெம்பம்மா. இது என்ன மோரா என்கிறார். "வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன். நீ வீட்ல அப்பாவுக்கு சொல்லிக் குடுத்துட்டுக் கூட்டிட்டு வந்திருக்கே."

அண்ணாதுரை நாற்காலியில் நிமிர்ந்தான். "அம்மா, யாரோ சொல்லிக் குடுத்து நான் சீட்டு கட்டுனது கெடையாதுங்."

5

சிவப்புச் சீட்டு மேசை நடுவில். ஒரு பக்கம் அப்பனும் மகளும், ஒரே மாதிரி உதட்டை மடித்துக்கொண்டு. எதிர்ப்பக்கம் சாவிக்கொத்து. ஒரு தொட்டி பியர் சாக்கடைக்கும் கிளாஸுக்கும் நடுவில் தொங்குகிறது. இப்படித் தரப் பிரிவும் நிர்வாகமும் முறைத்துக்கொண்டால் ஃபோர்மேன் ஒருவன் என்ன செய்வான்? வேலையைப் பார்ப்பான். தட்டிலிருந்த உப்பைக் கை நிறைய—

[ஒரு சிட்டிகை.]

—அள்ளி அண்ணாதுரையின் கிளாஸில் போட்டேன்.

"மாமா, வேணாம், நொர—"

ரஞ்சிதா சொல்லி முடிக்கவில்லை. கிளாஸ் பொங்கியது. ஐயா, பொங்கியது! மேசையைத் தாண்டி, கெம்பம்மாவின் பட்டுப்புடவையைத் தாண்டி, நெடுஞ்சாலையைத் தாண்டி, செக்போஸ்ட்டில் நிற்காமல் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது அந்த ரோஜா நுரை.

[மேசை உண்மை. புடவை ஓரம் உண்மை. என் சட்டை முழு உண்மை.]

"அய்யோ, ஏன்ரீ இது!" என்று கெம்பம்மா துள்ளி எழுந்தார். ரஞ்சிதா துணி தேடி ஓடினாள். நான் காகிதக் கைக்குட்டையால் அண்ணாதுரையின் மார்பைத் துடைத்து, வரைபடத்தின் எல்லைகளை இன்னும் விரிவாக்கினேன். அவன் என் கையைத் தள்ளிவிட்டான். கிளாஸ் அடியில் மிச்சமிருந்ததைப் பார்த்தான். எடுத்தான். குடித்தான். சொட்டு விடாமல்.

பிறகு மேசையிலிருந்த சிவப்புச் சீட்டை எடுத்து, ஈரம் துடைத்து, பாக்கெட்டுக்குள் திரும்ப வைத்துக்கொண்டான்.

இதில் ஒரு மைக்ரான்கூட என் சரக்கு இல்லை. பாருங்கள், அடைப்புக்குறியே இல்லை.

கெம்பம்மா அந்தப் பாக்கெட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். புடவையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் கிளாஸில் எறும்புக்குப் போடுகிற அளவு உப்புப் போட்டுக் குடித்தார். இன்னொரு மடக்கு குடித்தார். "ம்ம்... உப்பு கம்மியா போடு. மொதல்ல இந்த ஒரு டேங்க். நோடோணா, பாக்கலாம்."

தொட்டி பிழைத்தது! நான் கை தட்டினேன். ரஞ்சிதா அப்பாவிடம் குனிந்து, "அப்ப ஓகேவாப்பா?" என்றாள்.

"சட்டைய ஊற வெக்கணும்," என்றான்.

6

இங்கேதான் முடிவு வேண்டும். மூன்று முடிவுகள் எழுதி அனுப்பினேன்.

முடிவு ஒன்று: அண்ணாதுரை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான்.

[இல்லை. கேஸ் மூக்கில் ஏறியது.]

முடிவு இரண்டு: "நல்லாருக்குது பாப்பா" என்றான்.

[அப்படிச் சொல்லவில்லை. அவளையே கேள்.]

கேட்டேன். சொல்லவில்லையாம். "அவரு வாயில அது வராது மாமா. சீட்ட எடுத்து பாக்கெட்ல வெச்சாரே, அது போதும்," என்றாள். அந்தப் 'போதும்' கொஞ்சம் அளவு குறைவாக இருந்தது. அவள் அப்பனாக இருந்தால் தள்ளியிருப்பான்.

அதனால்தான் முடிவு மூன்றைச் செய்தேன். செய்தேன் என்றால், முழுக்க முழுக்கச் செய்தேன். அது நடப்பதாக எழுதிய நேரத்தில் நான் உள்ளே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்தது ஒன்றும் இல்லை. கூடவே ஒரு தந்திரமும் வைத்தேன். கம்பெனியில் அளவு பார்க்கும் கருவியான கேஜ் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, தெரிந்தே ஒரு கெட்ட பீஸை உள்ளே அனுப்புவோம். பிடிபட்டால் கேஜ் சரி. என் கெட்ட பீஸ் எது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

முடிவு மூன்று: ரஞ்சிதா தொட்டியிடம் ஓடினாள். கெம்பம்மா புடவை மாற்றப் போனார். அண்ணாதுரை தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்து மேசையில் ஐ.டி. கம்பெனிப் பையன்கள் நான்கு பேர். ஒருவன் அவன் சட்டையைக் காட்டி, "என்ன சார் இது, ஹோலியா?" என்று கேட்டான். ஜன்னலுக்கு வெளியே சானமாவு யானை ஒன்று தும்பிக்கையை நீட்டி மோப்பம் பிடித்தது. அண்ணாதுரை குனிந்து சட்டையைப் பார்த்தான். "எம் பொண்ணு பண்ண பியருங்," என்றான். பிறகு மேசையில் கிடந்த நுரையை ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டான்.

நேற்றுச் சாயங்காலம் தாளைத் திருப்பிக் கொடுக்க அவனே வந்தான். டீ குடிக்கவில்லை. உட்காரக்கூட இல்லை. கொடுத்தான், போய்விட்டான். அந்தப் பத்தியில் இரண்டு இடத்தில் சிவப்பு மை.

'யானை' என்ற சொல்லுக்கு மேல்: [இல்லை.] இரட்டைக் கோடு. கேஜ் சரி.

'நான்கு பேர்' என்ற சொல்லுக்கு மேல்: [மூன்று பேர்.]

'எம் பொண்ணு பண்ண பியருங்' என்ற வரிக்கு மேல்: ஒரு புள்ளிகூட இல்லை.

பையன்களையே நான்தான் செய்தேன் ஐயா! என் கற்பனைப் பையன்களில் ஒருவனை இவன் எப்படிக் குறைத்தான்? ஒன்று, நான் பார்க்காத நேரத்தில் அது நடந்திருக்க வேண்டும். இல்லையென்றால், வாழ்நாள் முழுக்க அடுத்தவன் சரக்கைத் தள்ளியவன் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு பீஸ் செய்திருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே தலை சுற்றுகிற அளவுக்குப் பிடித்திருக்கிறது. எது என்று அவனிடம் கேட்கப் போவதில்லை.

சிவப்புச் சீட்டு இல்லாத பீஸ் அடுத்த மெஷினுக்குப் போகும். அதுதான் விதி. அடுத்த மெஷின் நீங்கள். அந்த வரியை ரஞ்சிதாவிடம் நான் சொன்னால் செல்லாது. தண்ணீரையே தேவாமிர்தம் என்றவன் நான். நீங்கள் போங்கள். அத்திப்பள்ளி தாண்டியதும் இடப்பக்கம். நாவல்பழ பியர் ஒரு கிளாஸ் கேளுங்கள். ஊற்றித் தருகிற பெண் "எப்டிங்க இருக்குது?" என்று கேட்பாள். அப்போது என்ன சொல்வது என்பது உங்கள் பாடு.

[வலப்பக்கம். பாலத்துக்கு அடியில் திரும்ப வேண்டும். உப்புப் போட்டதைக் கேட்கவும். — அ.து.]