இடம் மாறிய மணி

அந்த ஆற்றங்கரையில் அமைதிக்கென்றே ஒரு தலைவர் இருந்தார். ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். பாரம்பரியக் குழுவுக்குத் தன் பெயரைத் தானே முன்மொழிந்து, தானே கை தூக்கி, நன்றியுரையும் ஆற்றியவர். வாயைத் திறந்தால் அந்த ஒரு சொல்தான் என்பதால் ஊருக்கே அவர் 'பாரம்பரியம்'. வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று கேள்வி.

அவர் காலத்தில் கரைத் தெரு அடையாளம் தெரியாமல் அழகாகிவிட்டது. படகுகளில் மோட்டாரைக் கழற்ற வைத்தார். நாய்களை அக்கரைக்கு நாடு கடத்தினார். நூறடிக்கு ஒரு பலகை: 'சத்தம் போடாதீர்கள். இங்கே வரலாறு உறங்குகிறது.' அது உறங்கும் அழகைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பழைய வீட்டுச் சுவர்களில், வெள்ளம் எதுவரை ஏறியது என்று முன்னோர் கீறி வைத்த கோடுகளுக்கெல்லாம் பொன் வண்ணம் பூசினார். ஆளுயரத்தைத் தாண்டிய மேல்கோட்டை எக்கித் தொட்டபடி ஜனங்கள் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டார்கள்.

மதகுக்காரிக்கு அந்தச் சிரிப்பு மட்டும் ஆகாது. அப்பாவுக்குப் பிறகு மதகைத் திறந்து மூடும் வேலையும், வெள்ள மணி அடிக்கும் வேலையும் அவளுக்கு வந்திருந்தன. மணி மேட்டு உச்சியில், பள்ளிக்கூடத்தை ஒட்டித் தொங்கியது. விதி இரண்டே வரி: மணி அடித்தால் எதையும் எடுக்காமல் சத்தம் வரும் பக்கம் ஓடு, மணி நின்றால் ஆபத்து தீர்ந்தது, வீட்டுக்குப் போ. நடக்கப் பழகும் குழந்தைக்கு முதல் பாடமே அதுதான்.

ஆறு மாதத்துக்கு முன் பாரம்பரியம் அந்த மணியை இறக்கி, பளபளவென்று துலக்கி, சக்கரம் வைத்த சட்டத்தில் மாட்டி, தண்ணீரை ஒட்டிய பழைய சுங்கக் கிடங்கில் காட்சிக்கு வைத்துவிட்டார். மணியின் நாக்குக்குச் சிவப்புப் பட்டு சுற்றியாயிற்று.

"மேட்டுல மூச்சு வாங்க ஏறி எவன் பாப்பான்?" என்று அவளிடம் கேட்டார்.

"வெள்ளம் வந்தா?"

"இருபத்தாறு வருஷமா வரல. அப்படியே வந்தாலும் கைபேசி எதுக்கு இருக்கு?"

கைபேசி இருந்தது. ஆனால் வெள்ளம் வந்த அன்று 'மிக அமைதியான பழங்கரை' விருதுக்கான தேர்வுக் குழு வருவதால், ஊர் முழுக்கக் கைபேசியை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்.

பகல் இரண்டு மணி. மதகின் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தும் தண்ணீர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு சாண் ஏறியது. பழுப்பு நிறத்தில், வேரோடு பெயர்ந்த மரங்களைச் சுமந்துகொண்டு, சத்தமே இல்லாமல். காலையிலிருந்து கரையில் ஒரு கொக்கையும் காணவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவின் மறு கோடியில், கீழ்த்தளத்தில் தங்கை இரண்டு குழந்தைகளோடு இருந்தாள். ஓடினால் தங்கையைக் காப்பாற்றலாம். வழியிலிருக்கும் நாற்பது வீட்டுக்கும் மணிதான் ஓடவேண்டும். அவள் கிடங்குக்கு ஓடினாள்.

அங்கே தேர்வுக் குழுவினர் மூவர். ஒருவர் கையில் சத்தம் அளக்கும் கருவி.

"ஒரு பறவைகூடக் கத்தலையே. எப்படி சார் சாதிச்சீங்க?"

"எல்லாம் கூட்டு முயற்சி" என்று பாரம்பரியம் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, தண்ணி ஏறுது. மணி அடிக்கணும்."

அவர் உதட்டில் விரலை வைத்தார். "கருவி ஓடிட்டிருக்கும்மா. நாலு மணிக்கு இவங்க கிளம்பிடுவாங்க. அதுவரைக்கும் பொறுக்கட்டும்."

"யாரு பொறுக்கட்டும்?"

அவள் பட்டைப் பிடுங்கி எறிந்து மணியை அடித்தாள். கருவியின் முள் துள்ளி ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

ஊர் எதையும் மறந்திருக்கவில்லை. கதவுகள் திறந்தன. யாரும் எதையும் எடுக்கவில்லை. ஆற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. கரைத் தெரு முழுவதும் சத்தம் வரும் பக்கம், அதாவது தண்ணீரின் வாசலுக்கு, ஓடி வந்தது. மேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு, வரிசை குலையாமல், சரிவில் இறங்கத் தொடங்கினார்கள்.

அவள் கை ஓயவில்லை.

"மேட்டுக்குப் போங்க" என்று கத்தினாள். மணி அதை விழுங்கிவிட்டது.

"நிறுத்தித் தொலைங்க" என்றார் பாரம்பரியம்.

"நிறுத்தினா வீட்டுக்குள்ள போயிடுவாங்க, அண்ணே. விதி தெரியாதா உங்களுக்கு?"

அவர் வெளியே பார்த்தார். பிள்ளைகளுக்குப் பின்னால் அவர் மனைவி, பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் கிடங்கின் படியைத் தாண்டிய தண்ணீர், அவருடைய விழாக்காலச் செருப்புகளை நனைத்தது. தலைவர் பதவி அவர் முகத்திலிருந்து வழிந்து இறங்கியது; வெறும் கிழவர் ஒருவர் மிச்சமானார்.

"சக்கரம் இருக்கு" என்றாள் அவள். "தள்ளுங்க."

கருவிக்காரரும் வந்து கை கொடுத்தார். மற்ற இருவர் விதி எதுவும் தெரியாததால் சரியான திசையில் எப்போதோ ஓடிவிட்டிருந்தார்கள். மணி அடித்தபடியே தெருவைத் தாண்டிச் சரிவில் ஏறியது. எதிரே வந்த பிள்ளைகள் தயங்கி, சத்தத்தோடு சேர்ந்து திரும்பினார்கள். கரைத் தெருக் கூட்டமும் பின்னால் வளைந்தது.

பாதிச் சரிவில் சக்கரம் சிக்கி நின்றது. பழங்கால உணர்வுக்காக மூன்று மாதத்துக்கு முன் பதித்த உருண்டைக் கற்கள்.

"இந்தக் கல்லை எவன்..." என்று தொடங்கிய பாரம்பரியம் வாயை மூடிக்கொண்டார். பிறகு மூச்சிரைக்கக் கேட்டார். "இது போதாதா? இன்னும் எவ்வளவு உயரம்?"

"நீங்க பொன் வண்ணம் பூசினீங்களே, மேல்கோடு. அதுக்கும் மேல."

அவர் திரும்பிப் பார்த்தார். கீழே சுவரில் இரண்டு கோடுகள் ஏற்கெனவே மறைந்திருந்தன. மேல்கோடு அவர்கள் நின்ற இடத்துக்கு நேராகப் பளபளத்தது. அவர் குனிந்து சட்டத்துக்குத் தோள் கொடுத்தார்.

தெருவின் மறு கோடியில், இடுப்பளவுத் தண்ணீரில், தங்கை வந்துகொண்டிருந்தாள். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. தண்ணீரையோ மரங்களையோ அவள் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டுமே பார்த்து வந்தாள்.

மதகுக்காரியின் உள்ளங்கை கிழிந்து கயிறு வழுக்கியது. கையை மாற்றிக்கொண்டு அடித்தாள்.