சுற்றாத ஹெலிகாப்டர்

"இடது பக்கம் செத்துப்போச்சு மாப்ளே. கொண்டுபோய்க் குடுத்துட்டு வேற வாங்கு" என்று ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார் கண்ணாடிக்கடைக்காரர். ஒரு வருஷமாக நடக்கிற வழக்கில் எதிர்த்தரப்புச் சாட்சியே பல்டி அடித்துவிட்ட மாதிரி முகத்தில் ஒரு களை.

வழக்கு இதுதான். மனைவியின் தம்பி தன் கையாலேயே இவர் வீட்டுக் கூடத்தைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர்களும், தரை அதிர ஒரு ஊஃபரும் பொருத்திக் கொடுத்திருந்தான். படம் போட்டால் ஹெலிகாப்டர் முன்னால் கிளம்பி, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு, சோபாவுக்குப் பின்னால் போய் இறங்கும் என்பது அவன் கட்சி. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்கடைக்காரருக்கு மட்டும் அது கிளம்பிய இடத்திலேயே நின்று இரைந்தது. "எல்லாம் விளம்பரம்டா. பின்னாடி பெட்டி இருக்குன்னு தெரிஞ்சதால திரும்பறீங்க" என்பார். படத்துக்கே இப்படியென்றால் பாட்டுக்கு எதற்கு இந்தக் கூத்து? பாடுகிறவர் எதிரே உட்கார்ந்து பாடுகிறார், இரண்டு ஸ்பீக்கர் போதும், நல்லதாக இருந்தால் ஒன்றே போதும். கடைக்கு வருகிறவர்களின் மூக்கில் ஃப்ரேமை மாட்டிவிட்டுக்கொண்டே இதைச் சொல்வார். மனுஷனுக்கு என்ன ரசனை என்று சிலர் வியந்ததுண்டு. அவரும் அதை ரசனை என்றுதான் நம்பியிருந்தார்.

அந்த வாயை அடைக்கத்தான் தம்பி இன்று ஹெட்ஃபோனும் கையுமாக வந்திருந்தான். இப்போது பாட்டே சுற்றிலும் கேட்கிற மாதிரி வருகிறதாம்.

அவன் அதை எடுத்துத் தன் தலையில் மாட்டிப் பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு மாமா? இடது பக்கம் வயலின், வலது பக்கம் டிரம்ஸ்." அக்காவிடம் கொடுத்தான். அவளும் கேட்டுவிட்டு, "ரெண்டும் கேக்குதுங்க" என்றாள். கண்ணாடிக்கடைக்காரர் மறுபடி மாட்டிக்கொண்டார். டிரம்ஸ் மட்டும் அடித்தது. தம்பி ஹெட்ஃபோனைத் திருப்பி, இடது பக்கத்தை வலது பக்கமாக்கி மாட்டிவிட்டான். டிரம்ஸ் போன இடம் தெரியவில்லை. வலது காதில் வயலின், அது மட்டும், அத்தனை அழகாக இழைந்தது.

அவர் ஹெட்ஃபோனை மெல்லக் கழற்றி வைத்தார். தினமும் எத்தனை பேரிடம், "ஒரு கண்ணை மூடுங்க. ரெண்டும் திறந்திருந்தா நல்ல கண்ணு கெட்ட கண்ணுக்கும் சேத்துப் பாத்துடும்" என்று சொல்லியிருக்கிறார். தன் காதை ஒருநாளும் மூடிப் பார்த்ததில்லை. எந்த ஸ்பீக்கரில் என்ன வந்தாலும் இந்த ஒரு காதுதான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"எத்தனை நாளா இப்படி?" என்றான் தம்பி.

"தெரியலையேடா."

மனைவி சோபாவில் மெல்ல உட்கார்ந்தாள். "ஏங்க, நீங்க எப்பவும் வலது பக்கமாத்தானே ஒருக்களிச்சுப் படுப்பீங்க?"

"ஆமா."

"நல்ல காது தலகாணில அமுங்கிக் கெடக்கும்." அவள் குரல் சன்னமாகிக்கொண்டே போனது. "அப்ப அன்னிக்கு நான் கேட்டது?"

"என்னிக்கு? என்ன கேட்டே?"

அவள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். போன வருஷம் வெளியூரில் திறந்த புது ஆஸ்பத்திரிக்கு வந்து, லேப் முழுவதையும் பொறுப்பெடுத்து நடத்தும்படி அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். இதெல்லாம் அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

"படுத்தப்புறம் எல்லாத்தையும் சொன்னேன். போகட்டுமான்னு கேட்டேன். முதுகைக் காட்டிக்கிட்டு அசையாமக் கெடந்தீங்க. பதில் சொல்லக்கூட மனசில்லைன்னு நெனச்சேன். அவங்ககிட்ட வரலைன்னு சொல்லிட்டேன்."

"இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே!"

"கெஞ்சச் சொல்றீங்களா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷம், இந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். சுகமான தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த அமைதிக்குள் இவள் பேசியிருக்கிறாள்.

தம்பி கைகளைக் கட்டிக்கொண்டான். அவனுக்கு இந்தச் சங்கதி அப்போதே தெரியும் என்பது அவன் நின்ற தோரணையிலேயே தெரிந்தது. "காது உங்களுக்கு ரொம்ப வசதியாத்தான் செத்திருக்கு மாமா."

"டேய்!" என்றாள் அக்கா.

"அவன் சொல்லட்டும்" என்று கண்ணாடிக்கடைக்காரர் ஹெட்ஃபோனை எடுத்து, பழையபடி திருப்பி, வலது காதில் இறுக்கினார். இடது பக்கத்து மெத்தைக் குமிழைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். டிரம்ஸ் மண்டைக்குள் இறங்கும்வரை சத்தத்தைக் கூட்டினார். பிறகு மனைவியைப் பார்த்து, தன் குரலே தனக்குக் கேட்காமல், "பேசு. அன்னிக்குப் பேசின மாதிரியே பேசு" என்றார்.

அவள் நகர்ந்து அவருடைய இடது தோளை ஒட்டி உட்கார்ந்தாள். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார், எதிரே தம்பி. காதோரத்தில் அவள் மூச்சு வெதுவெதுப்பாக வந்து பட்டது. உள்ளே அடி, அடி, அடி. வேறு ஒரு சொல்லும் இல்லை. தம்பியின் கட்டிய கைகள் தளர்ந்தன. அவன் அக்காவைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், மறுபடி அக்காவைப் பார்த்தான். 'போதும்க்கா' என்று அவன் உதடுகள் அசைந்தன. அவள் நிறுத்தவில்லை போலிருக்கிறது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, உள்ளங்கையால் கண்ணைத் தேய்த்தான்.

சத்தத்தைக் குறைக்க விரல் ஒன்றை அசைத்தால் போதும். கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்தபடியே இருந்தார். மூச்சு காதில் பட்டது, நின்றது, மறுபடி பட்டது.