பத்துக்கு எட்டு

மனைவி சாலோமி குளிக்கப் போனால் அருமைநாயகம் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். கதவைத் தாழிடக் கூடாது என்பது ஏற்பாடு. அவள் கையில் தொடங்கிய நடுக்கம் கால்களுக்கும் இறங்கிவிட்டது. ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டபின் இந்தக் காவல்.

“என்ன, பரீட்சை ஹால்ல ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருக்கிய? நான் யாரையும் பாத்து எழுதல,” என்பாள் உள்ளிருந்து.

“பேசாம குளி. சோப்புல காலை வச்சிராத.”

“வச்சா ஃபெயிலா?”

அவர் பாளையங்கோட்டையில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுக்க யாருக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை. விடை எல்லாம் சரியாக இருந்தாலும் கோடு கோணல், எழுத்து தெளிவில்லை என்று ஒன்றிரண்டைப் பிடித்துக்கொள்வார். முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை அதோடு நின்றுவிடும், கொஞ்சம் குறைத்தால் இன்னும் முயலும் என்று உண்மையாகவே நம்பினார். பையன்கள் அவருக்குத் ‘தொண்ணூத்தெட்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அது தெரியும். கோபப்பட்டதில்லை.

குளியலறைச் சுவரில் பிடித்து எழும்பக் கைப்பிடிக் கம்பி வைக்கச் சொல்லி மருத்துவர் சொன்னார். ஊரில் இரண்டு பெரிய கடைகள் வந்திருந்தன. ஆணியிலிருந்து கதவு வரை, வீட்டுக்கு வேண்டிய எல்லாம் ஒரே இடத்தில். ஒன்று பைபாஸ் ரோட்டில், மற்றது வண்ணார்பேட்டையில். இரண்டையும் பார்த்து ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார் அருமைநாயகம். சாலோமியையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினார்.

பைபாஸ் கடை விமான நிலையம்போல இருந்தது. சிவப்புச் சட்டை போட்ட இளைஞர்கள் அங்கங்கே நின்றார்கள். ஒருவனிடம் போய்க் கேட்டார்.

“அங்கன பாருங்க சார்,” என்றான் போனிலிருந்து தலை நிமிராமல்.

அங்கன போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார். “இது துண்டு போடுத கம்பில்லா தம்பி. ஆளு பிடிக்கணும்.”

“எல்லாம் கம்பிதான் சார்.”

“அப்பம் துண்டுக்குப் பதிலா என்னையத் தொங்க விடுங்க,” என்றாள் சாலோமி. அவன் சிரிக்கவில்லை. அவளுக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. உட்கார இடமில்லை. வெளியே வந்துவிட்டார்கள்.

வண்ணார்பேட்டைக் கடையிலும் நாற்காலி கிடையாது. ஆனால் உள்ளே நுழைந்ததுமே நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் வேகமாக வந்தாள். அவள் முதலில் பார்த்தது சாலோமியின் கால்களை. என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. காட்சிக்கு வைத்திருந்த வெஸ்டர்ன் டாய்லெட்டின் மூடியை இறக்கி, கைக்குட்டையால் துடைத்தாள்.

“இங்கன இரிங்கம்மா. புதுசுதான். தண்ணிகூட விட்டதில்ல.”

சாலோமி உட்கார்ந்தாள். “இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் இப்படி ஒரு ஆசனம் போட்டதில்ல. ஏங்க, போட்டோ எடுங்க.”

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். கோட்டில் பெயர் குத்தியிருந்தது. மாரித்தாய்.

அவள் சாலோமியைப் பைய எழும்பச் சொன்னாள், உட்காரச் சொன்னாள். கை தானாக எங்கே தாவுகிறதோ அங்கேதான் கம்பி இருக்க வேண்டும், பொருத்த வருகிற ஆள் தன் உயரத்துக்கு வைத்துவிடுவான் என்றாள். டேப் வைத்து அளந்து, கம்பிப் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தாள். அதற்குள் ஒரு குரல் கேட்டது.

“மாரித்தாய், டைல்ஸ் பக்கம் ஆளு நிக்காங்க.”

“இந்தா வாரேன் சார்,” என்றாள். போகவில்லை. சாலோமியின் கையைப் பிடித்தபடியே நின்றாள்.

“எந்த ஊரு தாயி?” என்றாள் சாலோமி.

“சுத்தமல்லிம்மா. முன்ன பீடி சுத்தினேன். இளைப்பு வந்துட்டு. இனிமே அந்தப் புகையிலைத் தூள் பக்கமே போவக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. இந்த வேலை கெடைச்ச பொறவுதான் ஒழுங்கா மூச்சு விடுதேன்.”

பில் போடும் இடத்தில் கூட்டம். வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. மாரித்தாய் சாலோமியை வாசல்வரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டு, டைல்ஸ் பக்கம் ஓடினாள்.

ஆட்டோ பாலம் தாண்டும்போது அருமைநாயகத்தின் போனில் செய்தி வந்தது. கடையின் சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டிருந்தது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

“அந்தப் பைபாஸ்காரனுவளா இருந்தா ரெண்டு. அதுவும் ஏசிக்கு. இவங்களுக்கு எட்டு.”

“பத்து போடுங்களேன். அந்தப் பிள்ள எப்படிப் பாத்துக்கிட்டா!”

“பில் போட இவ்வளவு நேரம் ஆக்கினாவல்லா, அதுக்கு ஒண்ணு கொறைக்கணும். இன்னொண்ணு, இன்னும் நல்லா செய்யட்டும்னு. எட்டுன்னா டிஸ்டிங்ஷன் தெரியுமா? நான் எத்தனை பேருக்குப் போட்டிருக்கேன்?”

“ஒங்ககிட்ட மார்க் வாங்கணும்னா செத்துத்தான் பொறக்கணும்,” என்றாள் சாலோமி. அவர் எட்டை அமுக்கினார். ஒரு நல்ல காரியம் செய்த நிறைவுடன் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாரித்தாய் எழுதிக் கொடுத்த உயரத்திலேயே கம்பி பொருத்தினார்கள். சில நாளில் சாலோமிக்கு அது பழகிவிட்டது. ஒருநாள் காலையில் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனபோது கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. “போய்ப் பேப்பர் படிங்க,” என்றாள் உள்ளிருந்து. குரலில் அவ்வளவு பெருமை.

கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு கம்பி வேண்டும் என்றாள் பிறகு. மாரித்தாய்க்குக் கொடுக்க ஒரு டப்பாவில் முந்திரிக்கொத்துப் பலகாரம் எடுத்துக்கொண்டாள். மீண்டும் வண்ணார்பேட்டைக்குப் போனார்கள்.

அந்தப் பகுதியில் வேறொரு சின்னப் பெண் நின்றாள். பெர்லின் என்று பெயர். மாரித்தாயைக் கேட்டதும் முகம் மாறியது.

“அக்கா இப்பம் இல்லம்மா. நிறுத்திட்டாவ.”

“ஏன்? என்ன தப்பு செஞ்சா?”

“தப்பு ஒண்ணும் இல்ல. மார்க் பத்தல.”

அருமைநாயகத்துக்குப் புரியவில்லை. “என்ன மார்க்?”

“நீங்கல்லாம் போன்ல போடுவியள்லா, அந்த மார்க்தான் சார். கொறைஞ்சா எச்சரிக்கை, பொறவு வேலை போயிரும். அக்காவுக்குக் கடைசியா வந்தது ஒரு எட்டு. கைப்பிடிக் கம்பி பில்லு. அது பத்தா வந்திருந்தா தப்பிச்சிருப்பாவ.”

சாலோமி கணவனைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தாள்.

அருமைநாயகம் மேலாளர் அறைக்குப் போனார். சிவகணேஷ் என்ற இளைஞன், எழுந்து நின்று வணக்கம் சொன்னான். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான்.

“எட்டு நல்ல மார்க்கு தம்பி. எண்பது சதவீதம்.”

“ஒங்களுக்கு நல்ல மார்க்கு சார். எங்க கணக்குல ஒம்பதும் பத்தும்தான் சேத்தி. ஏழும் எட்டும் கூட்டல்லயே வராது. அதுக்குக் கீழ வந்தா கழித்தல்.”

“இது என்னவே கணக்கு?”

“மேல இருந்து வந்த கணக்கு சார். கார் நிறுத்த எடமில்லன்னு ஒருத்தர் மூணு போட்டிருக்காரு. அதுவும் மாரித்தாய் பேருலதான் விழுந்துச்சு. பில்லுல அவ பேருல்லா இருக்கு.”

“பில் போட நேரமாச்சுன்னுதான் நான் ஒண்ணு கொறைச்சேன். அவளுக்கு இல்ல.”

“அதெல்லாம் போனுக்குத் தெரியாது சார்.”

“அப்பம் மாத்துதேன். இப்பமே பத்து போடுதேன்.”

“ஒரு தடவைதான் போட முடியும்.” சிவகணேஷ் குரலைத் தாழ்த்தினான். “பைபாஸ் கடையில பில் போடும்போதே கஸ்டமர் போனை வாங்கி அவனுவளே பத்து அமுக்கிருவானுவ. வாங்காமப் போறவங்ககிட்ட யாரும் மார்க் கேக்கதில்ல. அதனால ஊருலயே அதுதான் நல்ல கடை. மாரித்தாய்கிட்ட எத்தனையோ தடவை சொன்னேன், போவும்போது ‘பத்து போடுங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லும்மான்னு. கேக்க மாட்டா. வெக்கமா இருக்கும்பா.”

“நீங்க மேலாளர்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“எனக்கும் மார்க் போடுதாவ சார்,” என்றான் சிவகணேஷ்.

பெர்லினிடம் மாரித்தாய் வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டு அங்கிருந்தே ஆட்டோவைச் சுத்தமல்லிக்கு விடச் சொன்னார்கள். ஆற்றங்கரை வயல்களில் அறுப்பு முடிந்திருந்தது.

மாரித்தாய் வாசலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து மடியில் சுளவு முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணி கட்டியிருந்தாள். அவர்களைக் கண்டதும் துணியை இறக்கிவிட்டு எழுந்தாள். அந்தச் சிறிய வேலைக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

“வாங்கம்மா. வாங்க சார். நாற்காலி எடுத்துட்டு வாரேன்.”

“நீ இரி,” என்றாள் சாலோமி. “நான் நடந்து காட்டட்டுமா? இப்பம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுத்தான் குளிக்கேன்.”

மாரித்தாய் முகம் மலர்ந்தது. “கம்பி உயரம் சரியா இருக்காம்மா? அதுதான் எனக்கு யோசனையா இருந்துச்சு.”

அருமைநாயகம் நின்றுகொண்டே இருந்தார்.

“அந்த எட்டு நான் போட்டதும்மா.”

“தெரியும் சார். பில் நம்பரோட வரும்.”

“பொறவு ஏன் எங்களை வாங்கன்னு கூப்பிடுத? ஏசியிருக்கணும்லா.”

“என்னத்த ஏச?” அவள் சுளவை ஓரமாகத் தள்ளினாள். “மத்தவங்க கோவத்துல போட்டாவ. அது போவட்டும்னு விட்டுட்டேன். ஒங்களதுதான் மனசைப் போட்டு அறுத்துச்சு. அம்மா அவ்வளவு சந்தோசமாப் போனாவளே, இதுல பத்து வந்துரும், வேலை நெலைச்சிரும்னு இருந்தேன். எட்டுன்னு காட்டினாவ. நான் என்ன கொறை வச்சேன்னு யோசிச்சுக்கிட்டே கெடக்கேன். அம்மாவை அந்தக் கக்கூஸ் மேல ஒக்கார வச்சது மரியாதை இல்லையோ? சார் மனசுல அதுதான் பட்டுட்டோ?”

“ஐயோ, இல்லம்மா.”

“வேற என்ன சார்? சொன்னா திருத்திக்கிடுவேன்லா.”

அவர் இத்தனை ஆண்டுகளாகப் பிடித்து வைத்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் காரணம் சொல்லியிருக்கிறார். இதற்கு இல்லை. திருத்திக்கொண்டு மறுபடி செய்து காட்ட அவளுக்கு இனி ஓர் இடமும் இல்லை.

“ஒங்கிட்ட ஒரு கொறையும் இல்ல,” என்றார்.

“அப்பம் ஏன் சார் எட்டு?”

சாலோமிதான் பேசினாள்.

“ஏன்னா, நன்றி சொல்ல வேண்டிய எடத்துல நாங்க மார்க் போட்டுட்டோம் தாயி. ஒரு மனுஷி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனதுக்கு எட்டா ஒம்பதான்னு ஆட்டோவுல ஒக்காந்து பேரம் பேசினோம். பத்தே போட்டிருந்தாலும் அது தப்புதான். அந்த நம்பரு யாரு கஞ்சியில மண்ணைப் போடும்னு கேட்டுக்கிடாம ஒரு ஆளுக்கு மார்க் போட எங்களுக்கு என்ன பாத்தியம் இருக்கு?”

முந்திரிக்கொத்து டப்பாவை அவள் கையில் கொடுத்தாள். மாரித்தாய் வாங்கிக்கொண்டாள். மூச்சு இழுக்கும் ஓசை கேட்டது.

அருமைநாயகம் கைகளைக் கூப்பினார். தன் மகளைவிட இளையவளிடம் அப்படிக் கூப்புவது அவருக்குப் பழக்கமில்லை.

“அன்னைக்கு நீ செஞ்சதுக்கு ரொம்ப நன்றிம்மா.”

“இருக்கட்டும் சார்,” என்றாள் மாரித்தாய்.

அந்தச் சொல்லை அவர் கடை வாசலிலேயே, ஆட்டோவில் ஏறுமுன், நாலு பேர் காதில் விழச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு செலவும் இல்லை. நல்லது செய்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லாத நன்றி, பின்னால் எத்தனை மதிப்பெண்ணாக மாறினாலும் அவரைப் போய்ச் சேராது. அருமைநாயகம் அதைத் தெரிந்துகொண்டார். மாரித்தாய் துணியை மறுபடி மூக்கின் மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, சுளவை மடிக்கு இழுத்தாள்.