மவராசாவுக்கு முள் எடுத்த கதை

1.

இந்தக் கதையை என்மேல் எறிந்தவர் கலைமணி.

என்னுடைய சிறுகதைகள் சிலவற்றை ஒலிநூலாக்க அவருடைய ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டி, டயர் கடைக்கு மேல்மாடி. கலைமணி கடத்தூர்க்காரப் பெண். சென்னையில் ஒலிப்பதிவு படித்து, அங்கேயே சில காலம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஸ்டுடியோ போட்டவர். அம்மன் பாட்டு, தேர்தல் பாட்டு, கல்யாண வீடியோவுக்கான பாட்டு என்று இந்தப் பக்கத்தில் ஒலிபெருக்கியில் கேட்கிற பாதி அவர் கை பட்டுத்தான் வெளியே போகிறது.

நான் படித்த முதல் பக்கத்தைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"ஏன் சார், உங்க கதையில ஒருத்தருமே கத்த மாட்டாங்களா? எல்லார் தொண்டையிலயும் வெண்ணெய் தடவி உட்டுட்டீங்களா?"

சுருக்கென்றது. நான் பதில் தேடுவதற்குள் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். பிறகு அதே பாட்டை வேறு விதமாகப் போட்டுக் காட்டினார். இரண்டிலும் அதே பெண், அதே சொற்கள். ஆனால் பாடுவது இரண்டு வேறு ஆட்கள்போல் இருந்தது.

"இத எழுதுங்க. ஆனா யாரையும் அழ வெச்சுடாதீங்க. அந்தக்கா அழுவல."

2.

முதல் தொடக்கம்:

"மாலைப் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது, கலைமணியின் காதுகளில் அந்தச் சோகக் குரல்…"

நிறுத்திவிட்டேன். பனியும் கிடையாது, மாலையும் கிடையாது. சித்திரை மாதத்துப் பட்டப்பகல், ஸ்டுடியோவில் ஏசி வேலை செய்யவில்லை. குரலில் சோகமும் கிடையாது.

இரண்டாம் தொடக்கம்:

"குள்ளம்மாளின் மகள் பிரியங்கா, கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனாள்."

இதையும் நிறுத்தினேன். இந்த வாக்கியத்தில் லாரி எங்கே இருக்கிறது? தாங்கும் அளவுக்கு மேல் கல் ஏற்றச் சொன்னவர் எங்கே? ஏதோ மழை பெய்து நின்றதுபோல அவள் தானாக இறந்துபோயிருக்கிறாள். நான் யோசித்து இப்படி எழுதவில்லை, கை தானாக எழுதியது. அதுதான் எரிச்சலைக் கிளப்பியது.

மூன்றாம் தொடக்கம்:

"கல் குவாரியின் டிப்பர் லாரி, மிதமிஞ்சிய பாரத்தோடு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்து, ஸ்கூட்டரில் போன பிரியங்காவைக் கொன்றது."

இது இருக்கட்டும்.

(குவாரிக்குப் பெயர் வைக்கவில்லை. கற்பனைதானே, ஒரு பெயர் வைத்தால் என்ன என்பீர்கள். வைத்துப் பார்த்தேன். எந்தப் பெயரை வைத்தாலும் யாருக்காவது பொருந்தித் தொலைக்கிறது.)

3.

பிரியங்கா செத்து ஓராண்டு கழிந்தபின், அதே குவாரி நிறுவனம் சாலைப் பாதுகாப்புக்கு ஒரு விழிப்புணர்வுப் பாட்டு போட முடிவு செய்தது. நிறுவனத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் சந்திரனுக்கு ஒரு யோசனை வந்தது: பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயே பாடினால் எப்படியிருக்கும்?

கடத்தூரில் மரவள்ளிக்கிழங்கு போடுகிற குடும்பம் குள்ளம்மாளுடையது. மாரியம்மன் பண்டிகையில் அவர் பாட எழுந்தால் ஒலிபெருக்கி தேவைப்படாது என்று ஊரில் சொல்வார்கள். சந்திரன் வந்து கேட்டதும் சரி என்றுவிட்டார். அவருடைய கொழுந்தன் கோவிந்தன் வாசலில் நின்று காறித் துப்பினார்.

"கொன்னவனுக்கே போயிப் பாட்டுப் பாடறியா அண்ணி? வெக்கமா இல்ல?"

"அவன் வண்டியில எங்கொரலு ஓடட்டும்னு பாடறன். வேற எந்த வழியா நான் அந்த வண்டிக்குள்ள ஏற முடியும், சொல்லு."

கோவிந்தன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

பாட்டின் பெரும்பகுதியை நிறுவனமே எழுதி வைத்திருந்தது. மெதுவாகப் போ, வீட்டில் பிள்ளை காத்திருக்கும் என்கிற வகை. நடுவில் நான்கு அடி மட்டும் "அம்மா சொந்தமாப் பாடட்டும்" என்று விட்டிருந்தார்கள். கலைமணியின் மைக் முன்னால் குள்ளம்மாள் அந்த நான்கு அடியைப் பாடினார்:

*கல்லு ஏத்துன வண்டிக்கு – தாரு*
*ரோடு போட்ட மவராசா,*
*காலேசு போன எம்புள்ளைக்கு*
*ஓரம் உட்டியா, சொல்லு!*

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கலைமணிக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. 'மவராசா'வில் அப்படி ஒரு எகத்தாளம். 'சொல்லு'வில் குரல் ஏறி உடைந்து கிழிந்தது. பக்கத்தில் சந்திரன் திருப்தியாகத் தலையாட்டினார்.

"மவராசான்னு மரியாதையாச் சொல்றாங்க பாருங்க மேடம். முதலாளிக்குப் பிடிக்கும்."

(சந்திரனை எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம். முதலில் தங்கச் சங்கிலியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிவிட்டேன். கலைமணி படித்துப் பார்த்துவிட்டுத் திட்டினார். "அவர் நல்ல மனுசன் சார். வர்றப்பெல்லாம் பிஸ்கட் வாங்கிட்டு வருவார். அதுதான் எரிச்சலே." சங்கிலியைக் கழற்றிவிட்டேன்.)

முதலாளி காரில் கேட்டிருக்கிறார். மறுநாளே சந்திரனிடமிருந்து அழைப்பு.

"வார்த்தை எல்லாம் ஓகே மேடம். ஒரு எழுத்துகூட மாத்த வேணாம். குரல்தான் கொஞ்சம் குத்துது. அந்தக் கீச்ச மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க."

4.

இங்கே ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதையை நிறுத்துவதற்காக மன்னிப்பெல்லாம் கேட்கப்போவதில்லை.

எந்தக் குரலிலும் ஒற்றைச் சுரம் கிடையாது. அடியில் ஒன்று ஒலிக்க, அதன் தலைமேல் படிப்படியாகத் துணைச் சுரங்கள் ஏறி நிற்கும். ஹார்மானிக்ஸ் என்பார்கள். ஒருவர் கத்தும்போது அந்த மேல்படிகள்தான் திமிறிக்கொண்டு வரும். மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் நம் காது ரொம்பக் கூர்மை. அங்கே திமிறினால் ஊசி ஏறுகிற மாதிரி இருக்கும். ஒலியின் ஒரு பகுதியை மட்டும் கூட்டிக் குறைக்கிற கருவிக்கு ஈக்யூ என்று பெயர். சாதாரண ஈக்யூவை வைத்து அந்த இடத்தைக் குறைத்தால் பாட்டு முழுக்கக் குறைந்தே கிடக்கும், மெதுவாகப் பாடுகிற வரிகூடப் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகிவிடும். டைனமிக் ஈக்யூ கெட்டிக்காரன். காத்திருக்கும். நாம் வைத்த வரம்புக்குள் குரல் இருக்கும்வரை தொடாது. எகிறும் கணத்தில் மட்டும் அந்த இடத்தை அமுக்கிவிட்டு, தணிந்ததும் கையை எடுத்துவிடும். கேட்கிறவருக்குக் கை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

கலைமணிக்கு இந்தக் கருவியோடு எந்தச் சண்டையும் கிடையாது. தினமும் பயன்படுத்துகிறார். அன்றும் சந்திரன் கேட்டபடி செய்தார். வரம்பைக் கீழே இறக்கி, நன்றாக அமுக்கும்படி வைத்துவிட்டு, நான்கு அடியையும் ஓடவிட்டார்.

ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் 'மவராசா'வில் இருந்த எகத்தாளம் போய்விட்டது. நிஜமாகவே ஒரு மகாராசனைக் கும்பிட்டு அழைப்பதுபோல் இருந்தது. 'சொல்லு' கெஞ்சியது. குற்றம் சாட்டிய பெண், மனு கொடுக்க வந்தவள் ஆகிவிட்டார்.

கலைமணி ஹெட்போனை மேசையில் அடித்தார். அதன் ஒரு பக்கம் உடைந்தது.

"என் கையாலயே பண்ணிட்டேன் சார்," என்றார் பின்னால் என்னிடம். "ரெண்டு குமிழு. அவ்வளவுதான். ஒரு பொம்பளயோட ஆத்திரம் முழுசும் அந்த ரெண்டு குமிழுக்குள்ள அடங்கிப்போச்சு."

5.

அவர் குள்ளம்மாளை வரவழைத்தார். குள்ளம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்து, படியேறி வந்தார். தண்ணீர் குடித்தார். கலைமணி முதலில் அமுக்கிய பாட்டைப் போட்டார்.

குள்ளம்மாள் முடியும்வரை கேட்டார்.

"யாரு கண்ணு பாடறது?"

"நீங்கதாங்க்கா."

"இல்ல. இவ நல்லாத்தான் பாடறா. ஆனா இவளுக்குப் புள்ள ஏதும் சாவல."

(இந்த வாக்கியத்துக்குப் பின் ஒரு பத்தி எழுதியிருந்தேன். கலைமணியின் முகம், ஜன்னல் வெளிச்சம், அமைதி. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.)

அடுத்து, எதுவும் செய்யாத பதிவைச் செல்போனிலேயே போட்டார். 'சொல்லு' வந்ததும் குள்ளம்மாளே காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐய, இதென்ன தகரத்த ஆணியில கீறுன மாதிரி?"

"அதாங்க்கா சிக்கல். இப்படியே உட்டா, ஒரு டிரைவர் ரெண்டு தடவ கேப்பான், மூணாந்தடவ ஆஃப் பண்ணிடுவான். அதுல பாதி இந்த ரூமும் மைக்கும் சேர்க்கற கீச்சு. மிச்சந்தான் நீங்க."

"அப்போ என்னய உட்டுட்டு ரூம எடு."

இருவரும் உட்கார்ந்தார்கள். கலைமணி அமுக்குகிற இடத்தைக் குறுகலாக்கினார். வரம்பை மெல்ல மேலே ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் அந்த நான்கு அடியை ஓடவிட்டார். குள்ளம்மாள் 'இன்னும் கும்பிடறா' என்றார். 'இப்ப வாயத் தொறக்கறா' என்றார். ஓரிடத்தில் 'மவராசா' பழையபடி எச்சில் தெறிக்க வந்தது. காது வலிக்கவில்லை, வேறெங்கோ வலித்தது.

"இங்கயே உடு," என்றார் குள்ளம்மாள். "இவளுக்குத்தான் பிரியங்கா பொறந்தா."

6.

சந்திரன் பிஸ்கட்டோடு வந்தார். மூன்றாவது வடிவத்தைக் கேட்டார். குள்ளம்மாள் அங்கேயே உட்கார்ந்திருந்தது அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"கீச்சு போயிடுச்சு மேடம், சூப்பர். ஆனா… இன்னும் கொஞ்சம் மென்மையா…"

"கீச்சுதான எடுக்கச் சொன்னீங்க? எடுத்தாச்சு. இனி எடுக்கறதுக்கு ஆளுதான் இருக்காங்க."

"அம்மாவ நான் குறை சொல்லல மேடம். அந்த உணர்ச்சி…"

குள்ளம்மாள் திரும்பினார். "ஏங்க சார், எம்பாட்டுல எது உங்களுக்குக் குத்துது? வார்த்தயா?"

"ஐயோ இல்லீங்கம்மா. வார்த்த எல்லாம் அருமை. குரல்தான்."

"குத்தட்டும்னுதான பாடுனன்."

சந்திரன் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினார்.

"வார்த்தய எடுக்கணும்னா சொல்லுங்க, எடுக்கறேன்," என்றார் கலைமணி. "வெட்டிட்டோம்னு ஊருக்கே தெரியும். வார்த்தய வெச்சுக்கிட்டு ஆத்திரத்த மட்டும் உருவுற வேலய நான் செய்ய மாட்டேன். அப்புறம், 'அந்தம்மா பாடுனதத்தான் போட்டோம், ஒரு எழுத்து மாத்தல'ன்னு மேடையில சொல்லுவீங்க. அது பொய்யும் ஆவாது. அதான் எனக்கு வயிறு எரியுது."

சந்திரன் மூலப்பதிவை ஒரு டிரைவில் வாங்கிக்கொண்டு போனார். அதற்கு நிறுவனத்துக்கு உரிமை இருந்தது. வெளியூரில் வேறொரு ஸ்டுடியோவில் வேலையை முடித்தார்கள். அழகாக, வழுவழுவென்று வந்திருந்தது. டிப்பர்களில் அது ஓடத் தொடங்கியது. பாரம் குறையவில்லை.

7.

முடிவுகள்.

முதல் முடிவு: கலைமணியின் வடிவம் செல்போன் செல்போனாகப் பரவி, மாவட்டமே கொந்தளித்து… எழுதும்போதே எனக்கு நம்பிக்கை வரவில்லை. பரவிற்று. வேறொன்று பரவியதும் மறைந்தது.

இரண்டாம் முடிவு: ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு, குள்ளம்மாளின் காலில் விழுந்து… வேண்டாம். மேலே இருப்பவர் செய்ததற்குக் கீழே இருப்பவரை விழவைத்து நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போவோமா?

நடந்தது இது. சாலைப் பாதுகாப்பு விழா, குவாரி வாசலில், காலை நேரம். பந்தல், நாற்காலி, காக்கிச் சட்டையில் ஓட்டுநர்கள். முதலாளி நடுவில். குள்ளம்மாளுக்குச் சால்வை போர்த்தினார்கள். வழுவழுப் பாட்டை ஒலிக்கவிட்டு எல்லாரும் கைதட்டினார்கள். "அம்மா பாடியதில் ஒரு எழுத்தைக்கூட நாங்கள் மாற்றவில்லை" என்று ஒருவர் அறிவித்தார். பிறகு, நன்றி சொல்லச் சொல்லி மைக்கை அவர் கையில் கொடுத்தார்கள்.

குள்ளம்மாள் சால்வையை நாற்காலியில் வைத்துவிட்டு, முதலாளியைப் பார்த்து அந்த நான்கு அடியைப் பாடினார்.

ஒலிபெருக்கிகள் ஊளையிட்டன. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரின் முன்னால் உட்கார்ந்திருந்த குவாரியின் ஒலிபெருக்கி ஆள் முனியப்பன் அவருடைய மைக்கை இறக்கக் கையை நீட்டினார். குள்ளம்மாளோடு வந்து ஓரமாக நின்றிருந்த கலைமணி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"உடும்மா, ஊளயிடுது! எல்லார் காதும் போயிரும்!"

"ஊளய நான் எடுக்கறேண்ணா. அவங்க கொரல நீங்க தொடாதீங்க."

ஊளையிட்ட ஒற்றை இடத்தை மட்டும் கண்டுபிடித்து இறக்கினார். ஊளை அடங்கியது. குரல் தனியாக, முழுதாக, பந்தலுக்கு வெளியே லாரிகள் நின்ற இடம்வரை போயிற்று. 'சொல்லு' என்று முடித்துவிட்டு குள்ளம்மாள் உட்காரவில்லை. நின்றார். ஓட்டுநர்கள் யாரும் கைதட்டவில்லை.

அந்த வழுவழுப் பாட்டு இப்போது டிப்பர்களில் ஓடுவதில்லை. மேலிடம் நிறுத்தச் சொன்னது என்கிறார் முனியப்பன். டிரைவர்களே போட மறுத்துவிட்டார்கள் என்கிறார் சந்திரன். லாரிகள் ஓடுகின்றன.

8.

அன்று விழாவில், குள்ளம்மாள் பாடி முடித்ததும் முதலாளி எழுந்து மைக்கை வாங்கினார். பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும், பதிவும் கேட்டிருக்கிறேன். கேட்பதற்கு மிக இதமான குரல். ஓரிடத்திலும் எகிறவில்லை. எகிற வேண்டிய தேவை அந்தக் குரலுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

அந்தப் பதிலை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் கடைசிச் சொல் அவருடையதாகிவிடும். அவருக்கு ஏற்கெனவே நிறைய கடைசிச் சொற்கள் வாய்த்திருக்கின்றன.

இடம் விட்டிருக்கிறேன்:

[                                        ]

நீங்கள் நிரப்புங்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று. நீங்கள் எழுதுகிற பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு கடத்தூருக்குப் போய், குள்ளம்மாள் வீட்டு வாசலில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும். படிக்க முடிந்தால் அதுதான் முடிவு. முடியாவிட்டால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.